காணொளியின் முன்னோட்டப் படமும் அதைக் கையாளும் பொறுப்பும்

கொரோனா தொற்றினால் பள்ளிக்கூடங்கள் அடைபட்டிருந்த 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், கேரள மாநிலம் தனது புதிய கல்வியாண்டைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ எனும் அரசு நிறுவனம் நடத்திவரும் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையில், ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் வகுப்புகள் ஒளிபரப்பாயின. இந்த அலைவரிசை புதியதன்று; 2005 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தது. எனினும், ஒரு மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் அதுவே வகுப்பறையாகும் நிலை அதற்குமுன் ஏற்பட்டதில்லை. ஒளிபரப்பைத் தவறவிட்டவர்களுக்காக அதே பாடங்கள் யூடியூபிலும் வைக்கப்பட்டன.

முதல் நாளிலேயே விரும்பத்தகாத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பாடம் நடத்திய ஆசிரியைகள் சிலரின் படங்கள் காணொளிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இழிவான வாசகங்களுடன் சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டன. கைட் நிறுவனம் காவல்துறையிடம் புகார் செய்தது; வழக்கும் பதிவாயிற்று. விசாரணையில் பள்ளி மாணவர்களும் சம்பந்தப்பட்டிருந்தது தெரியவந்ததாகச் செய்திகள் வெளியாயின. யாருக்காகப் பாடம் நடத்தப்பட்டதோ அவர்களிலேயே சிலர் அதைக் கேலிப் பொருளாக்கினர் என்பதுதான் இதில் வேதனைக்குரிய அம்சம்.

காணொளியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொள்வது மிக எளிது. எடுத்த படம் யாருக்குச் சொந்தம், அதை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம், அதிலுள்ள முகத்திற்கு உரியவரின் நிலை என்ன என்பவை அவ்வளவு எளிய வினாக்கள் அல்ல.

படம் சேமிக்கப்படும் முறை

யூடியூபில் ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளிக்கும் 11 எழுத்துகளும் குறிகளும் கொண்ட அடையாளக் குறி ஒன்று வழங்கப்படுகிறது. முகவரிக் கட்டத்தில் அதைக் காணலாம். காணொளியைத் திறப்பதற்கு முன் தோன்றும் சிறு படம், அதாவது ‘தம்ப்நெயில்’ எனப்படும் முன்னோட்டப் படம், அந்தக் குறியின் கீழேயே பல அளவுகளில் சேமித்து வைக்கப்படுகிறது. மிகச் சிறியது 120க்கு 90 புள்ளிகள்; மிகப் பெரியது 1280க்கு 720 புள்ளிகள். இடைப்பட்ட 480க்கு 360 அளவில் எடுப்பவர்கள் படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்கக் கண்டு திகைப்பதுண்டு. இன்றைய காணொளிகளின் அகன்ற சட்டம் பழைய தொலைக்காட்சிச் சட்டத்திற்குள் பொருத்தப்படுவதே இதற்குக் காரணம், படத்தில் பழுதில்லை. தெளிவு குறைந்த பழைய காணொளிகளுக்குப் பெரிய அளவுப் படம் கிடைக்காமற் போவதும் உண்டு.

முன்னோட்டப் படத்தை இறக்கித் தருவதாகக் கூறும் இணையதளங்கள் பெரும்பாலும் செய்வதெல்லாம், அந்த 11 குறிகளைக் கொண்டு படத்தின் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவதுதான். இதற்காகச் செயலி எதையும் கணினியில் நிறுவ வேண்டிய தேவையில்லை. நிறுவச் சொல்லும் தளத்தைத் தவிர்ப்பது நலம்.

முன்னோட்டப் படம் இரு வகைப்படும். காணொளியை ஏற்றியவர் தாமே தலைப்பெழுத்துடன் வடிவமைத்து இணைப்பது ஒருவகை. மற்றொன்று, காணொளியிலிருந்து இயந்திரம் தானாகத் தெரிந்தெடுக்கும் காட்சி. இரண்டாவது வகையில் ஒரு சங்கடம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் மனிதரை எந்த நொடியில் நிறுத்தினாலும் பாதி மூடிய கண்ணோ கோணிய வாயோ அகப்படும். சிறு குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆசிரியை குரலை ஏற்றி இறக்கி, முகபாவத்தை மாற்றி மாற்றித்தான் சொல்ல வேண்டும். ஓட்டத்தில் பார்க்கும்போது அது தொழில் திறமை. நிறுத்திப் பார்த்தால் நகைப்பிற்கு இடம். 2020இல் நடந்ததன் அடிப்படையில் இந்த வேறுபாடும் அடங்கியிருந்தது.

சட்டத்தின் பார்வை

‘ஒரே ஒரு படம்தானே’ என்ற எண்ணத்தை இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, திரைப்படம் ஒன்றைப் படியெடுக்கும் உரிமையில் அதன் பகுதியான எந்தக் காட்சியின் நிழற்படத்தையும் சேர்த்தே கூறுகிறது. இச்சட்டத்தின்படி காணொளிப் பதிவும் திரைப்படம் என்ற வகையிலேயே அடங்கும். தனியாக வடிவமைக்கப்பட்ட முன்னோட்டப் படமோ ஒரு கலைப்படைப்பாகத் தனிப் பாதுகாப்பைப் பெறக்கூடியது. திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அரசுப் படைப்புகளுக்கும் பதிப்புரிமை உண்டு. அரசுச் செலவில் எடுக்கப்பட்டதாகையால் எல்லோருக்கும் சொந்தம் என்ற வாதம் செல்லாது.

அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டிற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நேர்மையான கையாளுகை உரிமை மீறல் ஆகாது. கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதற்கும் விலக்கு உண்டு. இந்த விலக்கு குறுகியதன்று என்பதைத் தில்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்பு தெளிவாக்கியது. ஆகவே, இடுக்கி அல்லது பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விக்டர்ஸ் பாடங்களின் முன்னோட்டப் படங்களைச் சேமித்து, பாட எண்ணுடன் ஒரு தாளில் அச்சிட்டுத் தம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாரேயானால், அவர் தயங்க வேண்டியதில்லை எனலாம். அலைபேசித் தரவுக்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளில் எந்தக் காணொளியைத் திறப்பது என்று முன்கூட்டியே அறிவது சிறிய உதவியன்று. அதே படத்தைத் தனிப்பயிற்சி நிலையமொன்று தன் விளம்பரப் பலகையில் இட்டுக்கொள்வது கற்பித்தலுமன்று, விமர்சனமுமன்று. அதற்கு அனுமதி தேவை.

சிலர் தம் காணொளிகளைக் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தின் கீழ் வெளியிடுகின்றனர். பெயரைக் குறிப்பிட்டால் எடுத்தாளலாம் என்பது யூடியூபில் அதற்குரிய நிபந்தனை. வேறொருவரின் நிழற்படம் அதற்குள் ஒட்டப்பட்டிருக்குமானால் அந்தப் படத்துக்கு இந்த அனுமதி பொருந்தாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

சேமிப்பவர் நான்கு விவரங்களைப் படத்துடனேயே எழுதி வைத்தல் வேண்டும்: காணொளியின் தலைப்பு, அலைவரிசையின் பெயர், முகவரி, சேமித்த நாள். நாளைக் குறிப்பது வீண் சடங்கு அல்ல. வெளியிட்டவர் முன்னோட்டப் படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், காணொளியையே நீக்கவும் செய்யலாம். சேமித்த படியோ பழையதாகவே நிற்கும். நீக்கப்பட்ட ஒன்றை மீண்டும் வெளியிடுவதற்கு முன், அது ஏன் நீக்கப்பட்டது என்று விசாரிப்பது முறை. படத்தை வெட்டி, பொருள் மாறும்படி எழுத்தைச் சேர்ப்பது வேறு வகைத் தவறு. பதிப்புரிமை கைமாறிய பின்னரும், தம் பெயருக்குக் கேடு வரும் வகையில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை ஆசிரியரிடமே நிற்கும் என்று 57ஆம் பிரிவு கூறுகிறது.

முகத்திற்கு உரியவர்

ஆனால் பதிப்புரிமைச் சட்டம் பெரிதும் படைத்தவரைக் காக்கவே எழுதப்பட்டது. படத்தில் தோன்றும் ஆசிரியைக்கு அதில் கிடைக்கும் ஆதரவு சிறிதே. விக்டர்ஸ் பாடத்தின் உரிமையாளர் நிறுவனம், அவமானப்பட்டவர் ஆசிரியை. அவருக்குத் துணை நிற்பவை வேறு சட்டங்கள். ஆபாசப் பொருளை மின்னணு முறையில் வெளியிடுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் மானத்துக்கு இழுக்கு விளைவிப்பதைக் குறித்த பழைய தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவாக விளங்குகிறது.

இதற்கு மேலும் கடுமையான சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை கேரளத்தில் எழாமலில்லை. 2020 நவம்பரில் மாநிலக் காவல் சட்டத்தில் 118-ஏ என்ற பிரிவு அவசரச் சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் அது நசுக்கிவிடும் என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களுக்குள்ளாகவே திரும்பப் பெறப்பட்டது. அதே காவல் சட்டத்தின் 118-டி பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இலேயே ரத்து செய்திருந்ததை அரசு நினைவில் வைத்திருக்கலாம். கேலி செய்யும் உரிமையைக் காத்துக்கொண்டே கேவலப்படுத்துவதைத் தடுக்கும் சட்ட வாசகத்தை எழுதுவது கடினம் என்பது இரு முறை மெய்ப்பிக்கப்பட்டது.

எஞ்சியிருப்பது வகுப்பறை. கட்டற்ற மென்பொருளில் இயங்கும் கணினிகளைக் கொண்ட கேரளப் பள்ளிகளில், படங்களைத் திருத்தும் ‘கிம்ப்’ மென்பொருள் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே இடம்பெற்று வந்துள்ளது. ஒரு முகத்தை வெட்டி வேறொரு பின்னணியில் ஒட்டும் வித்தையை மாணவன் அங்கேயே பழகுகிறான். அந்தப் பயிற்சிக்கான படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, இது யார் எடுத்தது, இதில் இருப்பவர் யார், அவரிடம் கேட்டாயிற்றா என்று அவனைக் கொண்டே பக்கத்தில் எழுத வைப்பதற்கு அரைமணி நேரம்கூடத் தேவைப்படாது.