தவணை முறிந்த பழைய கடனுக்கு எந்த வழி?

வங்கியோடு பேசித் தவணையைக் குறைத்து வாங்கி, நாலைந்து மாதம் ஒழுங்காகக் கட்டி, பிறகு அதுவும் நின்றுபோனவர்கள் எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி மையத்துக்கு வந்தபடி இருக்கிறார்கள். வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அங்கே தன்னார்வலராக உட்கார்ந்து அவர்களுடைய காகிதங்களைப் படித்துச் சொல்கிறேன். முதல் தடவை தவணை நின்றபோது இருந்த நிதானம் இரண்டாம் தடவை பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. ஒருவர் செல்போனில் வந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு வருகிறார். இன்னொருவரை மாமனார் வீட்டார் நெருக்கி, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் யாரோ பாதிப் பணத்தில் கடனை முடித்தாராம் என்ற பேச்சு ஒன்றே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. கட்டப்போவது நீங்கள். வழியைத் தேர்ந்தெடுப்பதும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே நான் பேசுவது ஈடு எதுவும் வைக்காமல் வாங்கிய கடன்களைப் பற்றி: பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி, செயலி வழியாக நிதி நிறுவனங்களிடம் வாங்கியது. வீட்டுக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் சட்டம் வேறு, அவசரமும் வேறு.

வழிக்கு முன்னால் கணக்கு

எந்த வழியானாலும் முதலில் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். கடன் இப்போது யார் கையில் இருக்கிறது? பழைய கடன்களை வங்கிகள் சொத்துச் சீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவதுண்டு. விற்ற பிறகு பழைய கிளையில் போய்ப் பேசிப் பயனில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். அடுத்து, பாக்கியில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு? கணக்கு அறிக்கையை எழுத்து மூலம் கேளுங்கள். தவணை தவறியதற்குப் போட்ட அபராதத்தின் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது என்பது, கிரெடிட் கார்டு நீங்கலாக, 2024 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. மூன்றாவது, நீங்கள் கடைசியாகப் பணம் கட்டியதும் கையெழுத்துப் போட்டதும் என்றைக்கு?

இந்தத் தேதிக்கு மதிப்பு அதிகம். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். அது முடிவதற்குள் நீங்கள் கட்டும் தொகையும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் கடிதமும் அந்த 3 ஆண்டை முதலிலிருந்து ஓட வைக்கும். முறிந்துபோன தவணை ஏற்பாட்டில் நீங்கள் கட்டிய கடைசித் தவணையும் இதில் அடங்கும். அவகாசம் தாண்டினால் வழக்குக்கு வழியில்லை, ஆனால் கடன் அழியாது. கடன் அறிக்கையில் அது நிற்கும்; அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அவகாசம் தாண்டிய கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடும். கட்ட வசதியுள்ளவர் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் "ஒரு ஆயிரமாவது போடுங்க சார், மேலிடத்துல நான் சொல்லிக்கிறேன்" என்று ரெக்கவரி ஏஜென்ட் கேட்கும்போது, தேதி தெரியாமல் போடாதீர்கள்.

தெரிந்த வழிகள்

வட்டியில்லாமல் உதவ உறவில் யாராவது இருந்தாலோ, பயன்படாத மனையோ வண்டியோ கிடந்தாலோ, அதைக் கொண்டு அடைப்பதுதான் முதல் வழி. அதற்கு வழிகாட்டி தேவையில்லை. புதிய கடன் வாங்கிப் பழையதை அடைப்பது, புதிய வட்டி பழையதைவிடக் கண்கூடாகக் குறைவாக இருந்தால் மட்டுமே சரி.

மறுபடியும் வங்கியிடம் நேரடியாகப் பேசித் தவணை கேட்பது இரண்டாவது. முதல் ஏற்பாடு ஏன் முறிந்தது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு மாதம் 5-ஆம் தேதி 6,500 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அவருக்குக் கூலி சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளமாக வருகிறது. கையில் வந்தது வாரத்துக்குள் கரைந்துவிட, 5-ஆம் தேதி கணக்கில் பணம் இருந்ததே இல்லை. ஒவ்வொரு மாதமும் தவணை திரும்பி, வங்கிக் கட்டணம் வேறு ஏறியது. வாரம் 1,200 ரூபாய் என்று கேட்டிருந்தால் அவரால் கட்டியிருக்க முடியும். மாதக் கணக்கில் குறைவாக வந்தாலும் அந்த ஏற்பாடு முறியாமல் நிலைத்திருக்கும். தவணைத் தொகையைக் கையில் மிஞ்சும் காசுதான் முடிவு செய்ய வேண்டும். ஆசையில் கூட்டிச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, மொத்தமாக ஒரு தொகை கட்டி முடிக்கும் செட்டில்மெண்ட். சமரசத் தீர்வுக்கு வங்கிகள் இயக்குநர் குழு ஒப்புதலுடன் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி விதித்தது. ஆகவே நீங்களே எழுதிக் கேட்கலாம். கையில் மொத்தப் பணம் உள்ளவருக்கு இது ஒத்துவரும். ஆனால் கடன் அறிக்கையில் 'முழுதும் அடைத்தார்' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அது ஆண்டுக்கணக்கில் உடன் வரும் அடையாளம்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ளது: மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம், கட்டணமில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வங்கிக்கு அழைப்பு அனுப்புவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வங்கிப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், தொலைபேசியில் முறுக்கிக்கொண்டு நின்ற அதிகாரிகள் அங்கே நேரில் ஒரு குடும்பத்தைப் பார்த்ததும் வட்டியைத் தள்ளிக் கொடுத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அங்கே ஏற்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. முடியாத தொகைக்கு அங்கே தலையாட்டிவிட்டால் தப்ப வழியில்லை. ஒத்துவராவிட்டால் வேண்டாம் என்று எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசி வழி மஞ்சள் கடுதாசி. ஊரில் ஐ.பி. கொடுப்பது என்கிறோமே, அதுதான்; அதாவது நீதிமன்றத்தில் கொடுக்கும் திவால் மனு. சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும்தான் சாதாரண மனிதருக்கு இன்னும் பொருந்துகின்றன. சொத்து ஏதுமில்லாமல், பல இடத்தில் கடன்பட்டு, வருமானமும் நின்றவர் தவிர மற்றவர்கள் இதைத் தொட வேண்டாம்.

எல்லோரும் ஓடும் வழி

இப்போது மனம் பதறிச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். செல்போனைத் திறந்தால் 'லோன் செட்டில்மெண்ட்' விளம்பரம். "பாதி கட்டினால் போதும், ஏஜென்ட் தொல்லை இன்றோடு முடிந்தது" என்கிறார்கள். சட்டம் படித்த பிள்ளை பேசுகிறாரே என்று வீட்டில் பெரியவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

அவர்கள் செய்வது இதுதான். எல்லாத் தவணையையும் நிறுத்தச் சொல்வார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் கட்டணமாகத் தங்களுக்குக் கட்டச் சொல்வார்கள். பாக்கி முற்றினால்தான் வங்கி இறங்கி வரும் என்பது அவர்கள் கணக்கு. அப்படித் தவணையை நிறுத்திவைக்கும் ஆறேழு மாதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிரெடிட் கார்டு பாக்கி 1 லட்சம், வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால், 6 மாதத்தில் வட்டி மட்டும் சேர்ந்து அது 1,22,000 ரூபாயைத் தாண்டிவிடும். தாமதக் கட்டணமும் வரியும் தனி. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். தவணைக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க அனுமதி கொடுத்திருந்தால், அது திரும்பும்போது காசோலை திரும்பியதைப் போலவே குற்ற வழக்குக்கும் இடமுண்டு. இதை அந்த விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

கோவையில் ஒரு லேத் பட்டறைக்காரர் அப்படியொரு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கடனிலிருந்து விடுதலை'. நான்காம் பக்கத்தில் பொடி எழுத்து ஆங்கிலத்தில், வங்கி சம்மதிக்காவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல, கட்டிய கட்டணம் திரும்பாது என்று இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் கட்டியதில் ஒரு ரூபாயும் வங்கிக்குப் போய்ச் சேரவில்லை. பணம் கொடுத்தால் கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருவோம் என்று சிலர் கிளம்பியதைக் கண்டு, அப்படிக் கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே மக்களை எச்சரித்தது.

அந்த நிறுவனங்கள் விற்பது பெரும்பாலும் பயத்திலிருந்து விடுதலை. அது உங்களுக்கு ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது. உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணமில்லை. கடன் கட்டாததற்காக மட்டும் போலீஸ் பிடித்துப் போக முடியாது. வசதியில்லாமல் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்புவது தவறு என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து சம்பளத்தைப் பிடித்தாலும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையவை. வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது.

உங்களுக்கு எது ஒத்துவரும்

மாதச் சம்பளக்காரருக்குச் சின்னத் தவணை ஒத்துவரும். பருவத்துக்குப் பருவம் காசு பார்க்கும் வியாபாரிக்கு அது ஒத்துவராது. அவர் சீசன் முடிந்ததும் மொத்தமாகக் கட்டுவதாகப் பேச வேண்டும். அதிகாரி முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர், வீட்டில் தைரியமாகப் பேசுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு மக்கள் நீதிமன்றத்துக்குப் போகட்டும். செலவைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று தெரிந்தவர் முதலில் கார்டை ரத்து செய்துவிட்டுப் பிறகு வழியைத் தேடட்டும். தன் குணம் தெரியாமல் எடுக்கும் எந்த வழியும் மூன்றாம் தடவை முறியும்.

கடனை அடைத்து வெளியே வந்தவர்களில் சாமர்த்தியசாலிகளைவிடப் பொறுமைசாலிகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். பல ஆண்டில் ஏறிய கடன் மூன்று மாதத்தில் இறங்காது. இறங்கும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். தவணை நின்றது அவமானமல்ல. வாழ்க்கையில் ஒரு தடவை சறுக்கிய மனிதர் மறுபடி கணக்கோடு எழுந்து நிற்பதை மதிக்காத வங்கி அதிகாரி குறைவு. இந்த வாரமே கணக்கு அறிக்கை கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள். அது கைக்கு வரும்வரை யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.