சிறு வியாபாரிகள் காப்பாற்றிய பெரிய கார் கம்பெனி

சென்னைக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள் கோயில் அருகிலுள்ள மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 மார்ச் முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் தயாராகி வருகிறது. அந்தக் காருக்கும் திருத்தணி மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் கைமாறிப் போக இருந்த இக்கம்பெனி, விற்பனையாளர்களாலும் சிறு பங்குதாரர்களாலும் பிழைத்தது. அந்த வரலாறு வணிகர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

தோற்றம்

பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்னும் பொருள்படும் ஜெர்மன் பெயரின் சுருக்கமே பி.எம்.டபிள்யூ. 1916-இல் மியூனிக் நகரில் விமானத் தொழிலில் தொடங்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் விமான எஞ்சின் செய்யத் தடை வந்தது. உடனே வேறு சரக்குக்கு மாறி, 1923-இல் ஆர் 32 மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. 1928-இல் ஐசனாக் நகரத்துக் கார் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை லைசென்ஸ் பெற்றுச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் கைதிகளிடம் கட்டாய வேலை வாங்கிய களங்கமும் இதற்கு உண்டு. போருக்குப் பின் சிலகாலம் பானை சட்டி செய்து காலம் தள்ளியது.

நடுத்தரச் சரக்கு இல்லாத கடை

1950-களில் இக்கம்பெனியிடம் ஒருபுறம் 501, 502 என்ற பெரிய கார்கள், வாங்குவோர் சிலரே. 507 என்ற அழகிய காரோ சுமார் 250 மட்டுமே செய்யப்பட்டு, நஷ்டத்தையே தந்தது. மறுபுறம் இத்தாலிய லைசென்ஸில் செய்த ஐசெட்டா என்ற குட்டி வண்டி, முன்பக்கமே கதவு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆயினும் லாபம் சொற்பம். நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற கார் இல்லை. முதல்தரப் பொன்னியும் நொய்யும் மட்டும் வைத்து, குடும்பங்கள் தினம் சமைக்கும் அரிசி இல்லாத கடையை எண்ணிப் பாருங்கள்.

இக்குறையை உணர்ந்தவர் ஆஸ்திரியாவில் இக்கார்களை விற்றுவந்த வொல்ஃப்காங் டென்ஸல். அவர் முயற்சியால் உருவானதே 1959-இல் வந்த 700 மாடல்.

1959 டிசம்பர் 9

அதற்குள் கடன் முற்றிவிட்டது. மெர்சிடிஸ் கார் செய்யும் டைம்லர்-பென்ஸிடம் கம்பெனியை ஒப்படைக்கும் திட்டம் பங்குதாரர் கூட்டத்துக்கு வந்தது. பெரிய வங்கி அதன் பின்னால் நின்றது. டார்ம்ஸ்டாட் நகர நிலக்கரி வியாபாரி எரிக் நோல்ட், வழக்கறிஞர் ஃப்ரீட்ரிக் மாத்தெர்ன் ஆகியோர் சிறு பங்குதாரர், விற்பனையாளர் சார்பில் எதிர்த்தனர். 700 மாடலை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டில் நஷ்டமாக எழுதியிருந்ததை மாத்தெர்ன் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். பத்து சதவிகிதப் பங்கு கேட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. கூட்டம் தள்ளிப்போயிற்று, திட்டமும் வீழ்ந்தது.

பின்னர் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தம் பங்கைக் கூட்டிக் கம்பெனியை நிமிர்த்தினார். 1962-இல் விற்பனைக்கு வந்த 1500 மாடல் அந்த நடு இடத்தை நிரப்பியது. பிறகு 1972-இல் 5 வரிசை, 1975-இல் 3 வரிசை, 1977-இல் 7 வரிசை, 1999-இல் எக்ஸ் 5 வந்தன. சென்னையில் முதலில் தயாரானவை 3, 5 வரிசைகளே. 2013-இல் டி.வி.எஸ். மோட்டாருடன் ஒப்பந்தமாகி, இதன் சிறிய மோட்டார் சைக்கிள்கள் ஓசூரில் தயாராயின.

நமக்குரிய பாடம்

1. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் சில நாளில் கலைந்துவிடும். மாதக் கணக்கு வைக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கான சரக்கு ஆண்டு முழுதும் குறையக் கூடாது.

2. எடை இயந்திரமோ குளிர்பெட்டியோ வாங்கினால், அது உழைக்கும் ஆண்டுகளுக்குச் செலவைப் பிரித்து எழுத வேண்டும். ஒரே ஆண்டில் எழுதினால் நல்ல கடையும் நஷ்டக் கடையாகத் தோன்றும். அந்தக் கணக்கை நம்பிக் கடையைக் கைவிட்டவர்களும் உண்டு.

3. பெரிய நிறுவனங்களின் கடைகள் சிறு ஊர்களுக்கும் வரும் இக்காலத்தில், தனியாக நிற்பவன் குரல் எடுபடாது. ஆனால் கணக்கைப் படித்தறிந்த சிலர் ஒன்றாக நின்றால் வங்கியும் செவி சாய்க்கும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அன்பர்கள் தவறாமல் வரவேண்டும். வரும்போது வரவு செலவு அறிக்கையைப் படித்துவிட்டு வரவேண்டும்.