போர்ட்ஸ்மத் துறைமுகம்

கடல் சூழ்ந்த நாட்டினர்க்குக் கடலே அரண், கடலே வழி. இங்கிலாந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டின் தென்கரையில் அமைந்த போர்ட்ஸ்மத் நகரம், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் கடற்படைக்கு உறைவிடமாக விளங்கி வருகின்றது. நிலவழியாகவும் அந்நகரை அடையலாம். ஆயினும் கடலை நோக்கி வாழும் நகரைக் கடல் வழியே சென்று காண்பதுதான் சிறப்பு. வாருங்கள்! எதிரேயுள்ள வைட் தீவின் ரைடு என்னும் ஊரிலிருந்து படகேறி நாமும் அங்குச் செல்வோம்.

தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் நீரிணைக்குச் சோலண்ட் என்பது பெயர். அதனைக் கடக்க அரைமணி நேரமே போதும். வழியில், கடல் நடுவே வட்ட வடிவான கோட்டைகள் எழுந்து நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சுக்காரர் படையெடுத்து வருவர் என்னும் அச்சத்தால் கல்லும் இரும்பும் கொண்டு அவை கட்டப்பெற்றன. எதிர்பார்த்த பகைவரோ வரவேயில்லை.

ஆனால் இந்நீரிணை போரையே காணாதது அன்று. 1545 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19 ஆம் நாள், பிரெஞ்சுக் கப்பற்படையை எதிர்க்க ஆங்கிலக் கப்பல்கள் இங்கு அணிவகுத்தன. எட்டாம் ஹென்றி மன்னர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெரிதும் விரும்பிய 'மேரி ரோஸ்' என்னும் கப்பல் திரும்பும்போது ஒருபுறம் சாய்ந்தது. பீரங்கிகளை நீட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த துளைகளின் வழியே கடல்நீர் உட்புகுந்தது. சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கிற்று. பகைவர் தாவி ஏறாதபடி மேல்தளத்தின்மீது உறுதியான வலை கட்டப்பட்டிருந்தது. அவ்வலையே உள்ளிருந்தவர்களைச் சிறைப்படுத்தியது. ஏறக்குறைய 500 பேரில் நாற்பதின்மருக்கும் குறைவானவர்களே உயிர் பிழைத்தனர். தம்மைக் காக்க விரித்த வலை தமக்கே காலனாயிற்று!

437 ஆண்டுகள் சேற்றில் புதைந்து கிடந்த அக்கப்பலின் ஒரு பாதி, 1982 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள் வெளியே எடுக்கப்பட்டது. அது இன்று போர்ட்ஸ்மத் காட்சிச்சாலையில் உள்ளது. விற்களும் பீரங்கிகளும் மட்டுமா கிடைத்தன? சீப்பு, காலணி, மரத்தட்டு, பகடைக்காய், மருத்துவரின் பெட்டி, ஒரு நாயின் எலும்புக்கூடு ஆகியவையும் கிடைத்தன. வரலாற்று நூல்கள் பெயர் கூறாத எளிய மனிதர் வாழ்ந்த வாழ்வை இப்பொருள்கள் நமக்கு எடுத்துரைக்கின்றன.

படகு இப்போது துறைமுக வாயிலை நெருங்குகின்றது. வாயில் மிகவும் குறுகியது. வலப்புறத்தில் பழைய கற்கோபுரம் ஒன்று காவல் நிற்கின்றது. முற்காலத்தில் பகைவரின் கப்பல்கள் நுழையாவண்ணம் இவ்வாயிலின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டி வைப்பராம். உள்ளே சென்றால் பரந்த நீர்ப்பரப்பும், கப்பல் கட்டும் தளங்களும் காணப்படும். இங்கிலாந்தின் முதல் உலர்துறையை ஏழாம் ஹென்றி மன்னர் 1495 ஆம் ஆண்டில் இங்கேதான் அமைப்பித்தார். கடல்நீர் ஏறும்போது கப்பலை உள்ளே கொணர்ந்து, வாயிலை அடைத்து, நீரை இறைத்துவிட்டால், கப்பலின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கலாம்.

இங்குள்ள உலர்துறை ஒன்றில் 1922 ஆம் ஆண்டு முதல் 'விக்டரி' என்னும் மரக்கப்பல் நிற்கின்றது. 1805 ஆம் ஆண்டு டிரபால்கர்ப் போரில் நெல்சன் என்னும் தளபதி வெற்றி பெற்றதும், குண்டடிபட்டு இறந்ததும் இக்கப்பலில்தான்.

நம் நாட்டுத் தேக்கும் இத்துறைமுகத்தை அறியும். நெப்போலியப் போர்களால் ஓக் மரம் அரிதாகிவிடவே, பம்பாயில் வாடியா குடும்பத்தார் 1817 ஆம் ஆண்டில் தேக்கினால் ஒரு போர்க்கப்பலைக் கட்டினர். இலங்கையிலுள்ள திருகோணமலையின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1819 இல் அது போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் மாணவர்க்குப் பயிற்சி தரும் கப்பலாக 1986 வரை இங்கிருந்தது. இன்று ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக்கு உள்ளது. அயல்நாடுகளை அடக்கியாண்ட கப்பற்படைக்கு, அடங்கியிருந்த நாட்டின் கைத்திறனும் துணை நின்றது என்பது எண்ணத்தக்கது.

துறைமுகத்தின் மறுகரையில் காஸ்போர்ட் நகரம் உள்ளது. அங்கே 1753 ஆம் ஆண்டு முதல் ஹாஸ்லர் என்னும் கடற்படை மருத்துவமனை நடைபெற்று வந்தது. அதன் மருத்துவராக 1758 இல் பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் லிண்ட். அக்காலத்தில் நெடும்பயணம் செய்த மாலுமிகள் ஸ்கர்வி என்னும் நோயால் ஈறு அழுகி, வலிமை குன்றி மாண்டனர். போரில் இறந்தவரினும் நோயால் இறந்தவரே மிகுதி. 1747 இல் கப்பல் ஒன்றில் லிண்ட், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலம் பெற்றனர். எனினும், கடற்படையில் எலுமிச்சைச் சாறு வழங்குமாறு ஆணை பிறந்தது 1795 இல்தான். அதற்கு முந்திய ஆண்டிலேயே லிண்ட் மறைந்துவிட்டார். உண்மை கண்டறியப்பட்டும், அது செயலாவதற்கு 48 ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் நோயால் மடிந்த மாலுமிகள் எத்தனையோ பேர்!

போர்ட்ஸ்மத் செல்வோர் விக்டரியின் பீரங்கிகளைக் கண்டு வியப்பர், வியத்தல் இயல்பே. ஆயின் பீரங்கி வென்ற வெற்றி ஒரு நாட்டிற்கு மட்டுமே உரியது. எலுமிச்சங்கனி வென்ற வெற்றியோ கடல்மேல் செல்லும் மனிதர் எல்லோர்க்கும் உரியது. அறிந்த நன்மையைக் காலம் தாழ்த்தாது செய்தல் வேண்டும் என்பதே இத்துறைமுகம் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.