கறவை மாடும் காமதேனுவும்: காரைக்காலின் இளம் மொழிபெயர்ப்பாளருக்கு



தவறாமல் பணம் தரும் ஒன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குக் குறைவில்லை: கேஷ் கவ், கோல்டுமைன், மணி ஸ்பின்னர், புளூ சிப், லூக்ரேட்டிவ். அகராதி பலவற்றுக்கும் ‘லாபகரமான’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். வணிகச் செய்தியைத் தமிழாக்குபவருக்கு அது போதாது. பணம் எப்படி வருகிறது, எத்தனை காலம் வரும், யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் சொல்லுக்குச் சொல் மாறும்.

அதிகம் புழங்குவதும் அதிகம் பிழைபடுவதும் கேஷ் கவ். பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் புரூஸ் ஹெண்டர்சன் 1970-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரை அதை நிர்வாகப் பாடத்தில் ஏற்றியது. அவர் கணக்கில், சந்தை மெதுவாகவே வளரும். ஆனால் அதில் பெரும்பங்கு ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும். புதிதாகப் பெரிய முதல் போடத் தேவையில்லாததால் வரும் பணத்தை எடுத்து வேறு தொழிலை வளர்க்கலாம். அதாவது தீனி கொஞ்சம், பால் நிறைய, குடிப்பது வேறு கன்று. இதைக் ‘காமதேனு’ என்று எழுதும் பழக்கம் பத்திரிகைகளில் உண்டு. காமதேனு கேட்டதையெல்லாம் தரும், வற்றாது, தொழுவமும் கேட்காது. கேஷ் கவ்வுக்கு அந்த வரமெல்லாம் இல்லை. கறவை மாடு என்பதே பொருந்தும். பிரெஞ்சிலும் ‘வாஷ் ஆ லே’, கறவை மாடுதான். ஆனால் அங்கே அது பெரும்பாலும் கறக்கப்படுகிறவரின் புலம்பல். வரி கட்டிச் சலித்த வாகன ஓட்டி தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வார்.

காரைக்காலில் இதற்குப் பொருத்தமான உதாரணம் மதுக்கடை. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்திலிருந்து வந்து வாங்குபவரை இழுப்பது சரக்கின் தரமல்ல, புதுச்சேரி, தமிழ்நாடு என்ற இரண்டு அரசுகளின் வரிக்கு இடையிலுள்ள வித்தியாசம். கலால் வரி புதுச்சேரி அரசின் முக்கிய வருவாய்களில் ஒன்று; அதைக் கறவை மாடு என்று தயங்காமல் எழுதலாம். அந்த மாட்டுக்குத் தீனி விலை வித்தியாசம். 2020 மே மாதம் கொரோனா சிறப்பு வரி விதித்து விலையைத் தமிழ்நாட்டுக்கு இணையாக்கியபோது, எல்லை தாண்டி வந்து வாங்குவதற்கான காரணமே அப்போதைக்குப் போய்விட்டது.

அதே சொல்லை ஓர் ஆங்கில நிருபர் திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலுக்கு எழுதினால் கதை வேறு. சனிக்கிழமைக் கூட்டம், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சி, நளதீர்த்தத்தில் குளிக்க வருவோர் என்று வருமானம் நிச்சயமானதுதான். ஆனால் கோயிலைக் கறவை மாடு என்பது தமிழில் வசவு. எள் தீபம் விற்பவருக்கும் விடுதி நடத்துபவருக்கும் அது சோறு போடும் கோயில். அப்படி எழுதினால் செய்தியும் கெடாது, மரியாதையும் கெடாது. கோயில் நிர்வாகத்தை யாரோ கறக்கிறார்கள் என்பதே செய்தியானால் மட்டும் மாடு வரட்டும்.

லூக்ரேட்டிவ் என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பசையுள்ள’ என்று எழுதக் கை துடிக்கும். பசையுள்ள பதவி, பசையுள்ள இலாகா என்றால் மேல்வரும்படி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். நேர்மையான ஒப்பந்தத்துக்கு ‘நல்ல லாபம் தரும்’ போதும். மணி ஸ்பின்னருக்கு ‘வசூலை அள்ளும்’ என்று சினிமாக்காரர் பேச்சே உதவும். பொன்முட்டையை ஆங்கிலத்தில் பெருவாத்தும் பிரெஞ்சில் கோழியும் தமிழில் வாத்தும் இடுகின்றன; பேராசைக்காரர் அதை அறுக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பறவை தேவை.

புளூ சிப் போக்கர் ஆட்டத்தில் விலை உயர்ந்த நீல வில்லையிலிருந்து பங்குச்சந்தைக்கு வந்தது. அதன் அழுத்தம் லாபத்தைவிட நம்பகத்தில். ‘முன்னணி நிறுவனப் பங்கு’ எனலாம். கில்ட் எட்ஜ்டு என்றால் அரசுக் கடன் பத்திரம், வட்டி குறைவு, முதலுக்கு மோசமில்லை. ஆனுவிட்டி என்பதை விளக்கக் காரைக்கால்காரர் வெளியே போக வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவருக்கு வரும் பென்ஷன் சாகும்வரை நிற்காது, அவருக்குப் பின் துணைவருக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்காது. ‘ஆயுள்காலத் தொகை’ என்றால் ஊருக்கே புரியும்.

கோல்டுமைன் பெரும்பாலும் இன்னும் வராத பணத்தைப் பற்றிய சொல். பங்கு விற்பவரின் அறிக்கையில் அது வந்தால் ‘தங்கச் சுரங்கம்’ என்று உறுதியாக எழுதாமல் ‘ஆகும் என்கிறது நிறுவனம்’ என்று பொறுப்பை உரியவரிடமே விட வேண்டும். எதிர்பார்த்த பணம் வராமலும் போகலாம் என்பதற்கு ஊரிலேயே உதாரணம் உண்டு: காரைக்கால் துறைமுகம் 2009-ல் இயங்கத் தொடங்கியது. பின்னர் திவால் நடவடிக்கைக்குப் போய், 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனத்தின் கைக்கு மாறியது.