தலசீமியா பிள்ளையின் கல்லீரல்



மாதாமாதம் ரத்தம் ஏற்றும் தலசீமியா பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகுமா? குணமாகும், இன்ஷா அல்லாஹ். நமக்குப் பக்கத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே இந்தச் சிகிச்சை நடக்கிறது. பலர் பயப்படுவதுபோல் பிள்ளைக்கு இது ஆபரேஷன் அல்ல. மஜ்ஜையை ரத்தம் ஏற்றுவதுபோல் நரம்பு வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். பயப்பட வேண்டியது வேறு.

ஏற்றும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. கல்லீரலிலும் இதயத்திலும் தங்கிவிடும். மாற்றுச் சிகிச்சைக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து கொடுப்பார்கள். கெட்டுப்போன கல்லீரல் அதைத் தாங்காது. உள்ளே சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டு, வயிறு வீங்கி, மஞ்சள் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இத்தாலியின் பெசாரோ நகரில் டாக்டர் லூக்கரெல்லி குழுவினர் மூன்று விஷயங்களைப் பார்த்து ஆபத்தை அளந்தார்கள். கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 2 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறதா? அதில் தழும்பு விழுந்திருக்கிறதா? இரும்பை நீக்கும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதா? மூன்றுமே மோசமானால் மூன்றாம் வகுப்பு. 2007இல் வேலூர் மருத்துவர்கள் அதையும் பிரித்துப் பார்த்தார்கள்: 7 வயதை எட்டி, கல்லீரலும் 5 செ.மீ. அல்லது அதற்குமேல் வீங்கிய பிள்ளைகளுக்கே ஆபத்து மிக அதிகம்.

இதில் நம் கையில் இருப்பது மருந்து. பிள்ளை ஓடியாடுகிறதே என்று டெஃபராசிராக்ஸ் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். இரும்பு சேர்வது கண்ணுக்குத் தெரியாது. ஃபெரிட்டின் பரிசோதனையில்தான் தெரியும்.

கூடப்பிறந்தவரின் ஹெச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருத்தம் குறைந்தால் கொடையாளியின் செல்களே பிள்ளையின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் ஆபத்து கூடும். சொந்தத்தில் நிக்காஹ் செய்த குடும்பங்களில் சில சமயம் பெற்றோரே பொருந்துவதுண்டு, எல்லோரையும் பரிசோதியுங்கள்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. பார்க்க வரும் உறவினர் வாசலிலேயே ஸலாம் சொல்லிப் போகட்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

குடும்பத்தில் பொருந்தும் கொடையாளி இருந்து, பிள்ளைக்கு 12 வயதுக்கு மேற்படாமலும் குடும்ப வருமானம் வரம்புக்குள்ளும் இருந்தால், கோல் இந்தியாவின் தலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ரத்தம் ஏற்றிய சீட்டுகளையும் கடைசி ஃபெரிட்டின் அறிக்கையையும் எடுத்து வாருங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம்.