கைப்பையில் சிறு பொருள்களை வைக்கும் முறை

சங்கத்திற்கு வரும் அங்கத்தினர் பலர் எடுத்து வருவது ஒற்றை அறையுள்ள துணிப்பை. பாஸ் புத்தகம், ரசீதுகள், மூக்குக் கண்ணாடி, மாத்திரை, சாவி, வெற்றிலைப் பொட்டலம் யாவும் அதன் அடியில் ஒன்றாய்க் கிடக்கும். பொருளின் அளவை நோக்கிப் பிரிப்பதைவிட, எது எதைக் கெடுக்கும் என்று நோக்கிப் பிரிப்பதே தக்கது.

முதலாவது, காகிதம். இக்காலத்தில் எடைப் பொறிகள் பலவும் வங்கியின் பணப் பொறியும் தரும் சீட்டுகள் மையால் அச்சிடப்படுவன அல்ல. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள தாளில் எழுத்துத் தோன்றுகிறது. வெயிலும் எண்ணெயும் படினும், நெகிழும் பிளாஸ்டிக் உறையில் வைப்பினும் அவ்வெழுத்து நாளடைவில் மங்கி மறையும். கணக்கில் ஐயம் நேரும்போது வெற்றுத் தாளைக் காட்டி என்ன பயன்? ஆதலின் அன்றே நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு, மூலச் சீட்டைத் தடித்த காகித உறையிலிட்டுப் பாஸ் புத்தகத்தோடு வைக்க வேண்டும். சுண்ணாம்பு டப்பி அதன் அருகே வரலாகாது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தல் வேண்டா. பெயரும் காலாவதித் தேதியும் அதில்தானே உள்ளன! சாவிக்கும் சில்லறைக்கும் ஒரு சுருக்குப் பை, கண்ணாடிக்குக் கெட்டியான கூடு. பத்து அறைப் பையை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. மிஞ்சிய துணியில் உள்ளே இரண்டு அறைகள் தைத்து, ஒன்றைக் காகிதங்களுக்கென்றே ஒதுக்கினால் போதும்.