உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்



மார்கழிப் பனி தொடங்குமுன் உங்கள் பார்சல்கள் எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிடும். குல்லாய், காலுறை, கையுறை, சிறு சட்டை என எல்லாம் உங்கள் கைகளால் பின்னியவை. அவற்றைப் பிரசவ வார்டில் தாய்மாரிடம் கொடுக்கும் பாக்கியம் எங்களுடையது. இம்முறை நன்றியோடு ஒரு பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அதை முதலில் கற்க வேண்டியிருந்தவர்கள் நாங்களே.

ஓர் இரவு நடந்தது

அண்ணாகிராமத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு தாயின் குழந்தை அது. பிறந்து நான்கு நாள். மாலை முதல் அழுகை ஓயவில்லை. பால் கொடுத்தும் பயனில்லை. வயிற்று வலிதான் என்று பாட்டி வசம்பு தேடினார். இரவுப் பணியிலிருந்த சிஸ்டர், "ஆயா, அதெல்லாம் வேணாம். மொதல்ல துணியெல்லாம் கழட்டுங்க, பாக்கலாம்" என்றார். வலது கையுறையைக் கழற்றியதும் நடுவிரல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது தெரிந்தது. விரலின் அடியில் ஓர் இழை சுற்றி இறுகியிருந்தது. மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். விரல் பிழைத்தது.

காலையில் சிஸ்டர் அந்தக் கையுறையை எங்களிடம் கொண்டுவந்தார். "ஐயா, இது நம்ம பெட்டியிலேர்ந்து போனதுதான்." வெளியே அழகான பின்னல். உள்ளே, முடிச்சிட்டு வெட்டாமல் விட்ட நூல் நுனி. ஜெபித்துக் கொடுத்தோம். ஆனால் ஒரு தரம் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. குற்றம் பின்னிய சகோதரியுடையதல்ல, பாராமல் கொடுத்த எங்களுடையது.

ஏன் இப்படி ஆகிறது?

பச்சைக் குழந்தை விரல்களை ஓயாமல் மடக்கி நீட்டும். உள்ளே தொங்கும் இழை அந்த அசைவிலேயே விரலைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய இடம் வீங்கும், வீங்க வீங்க இழை இறுகும், இரத்த ஓட்டம் தடைபடும். நேரம் கடந்தால் விரலே போய்விடலாம். தாயின் உதிர்ந்த தலைமயிரும் இப்படிச் செய்வதுண்டு. கையுறை மூடியிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பாருங்கள். வீக்கமோ நிறமாற்றமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

கையுறையால் வேறொரு நஷ்டமும் உண்டு. குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோவது பசியின் முதல் அடையாளம். கையை மூடினால் அது தாய்க்குத் தெரியாமல் போகும். முகத்தைக் கீறிக்கொள்ளும் என்ற பயமிருந்தால், குழந்தை தூங்கும்போது நகத்தைச் சீராக்கிவிட்டால் போதும்.

லேஸும் கையுறையும்

நம் சபைகளில் நூல்வேலைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கும் பள்ளியோடு அந்த வேலையைத் தொடங்கினார். ஏழைப் பெண்கள் பலருக்கு அது சொந்தச் சம்பாத்தியம் ஆயிற்று.

லேஸுக்கு அழகே அதன் துளைகள்தான். குழந்தையின் கையுறையிலோ அந்தத் துளை விரல் மாட்டும் கண்ணி. மேசை விரிப்பை மேற்புறம் பார்த்து மதிப்பிடலாம். குழந்தையின் உடுப்பைத் தோல் படும் உட்புறம் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

குல்லாய் பின்னுவோம்

அப்படியானால் எதைப் பின்னுவது? குல்லாய்தான் வேண்டும். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 2,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கு அதைக் காக்கும் பலம் குறைவு. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, ஆகவே தலை வழியாக வெப்பம் அதிகம் போகும். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு முறையில், தாயின் மார்போடு ஒட்டிக் கிடக்கும் சிசுவுக்குப் போடுவது அரைத்துணியும் குல்லாயும், வேண்டுமானால் காலுறையும்தான்.

அளவு இது. நூல்: மெல்லிய பருத்தி நூல். கம்பளி எங்கள் சலவையில் சுருங்கிவிடும், தோலையும் உறுத்தும். ஊசி: 4 மி.மீ. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வர வேண்டும்.

1. 56 கண்ணி ஏற்றுங்கள். ஒரு நிட், ஒரு பர்ல் என மாற்றி 3 செ.மீ. பின்னுங்கள்.
2. பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். மொத்தம் 10 செ.மீ. வரும்வரை, பர்ல் வரிசையில் நிறுத்துங்கள்.
3. குறைக்கும் வரிசை: 6 நிட், அடுத்து இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படியே கடைசிவரை. 49 கண்ணி மீதி. அடுத்த வரிசை பர்ல்.
4. அடுத்த தடவை 5 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. பிறகு 4, 3, 2, 1 என ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இடையே பர்ல் வரிசை. 14 கண்ணி நிற்கும்.
5. இரண்டிரண்டாகச் சேர்த்து 7 ஆக்கி, அவற்றினூடே நூலைக் கோத்து இழுத்து இறுக்குங்கள். ஓரங்களைத் தட்டையாகத் தைத்து, நூல் நுனிகளைப் பின்னலுக்குள்ளேயே பல கண்ணி தூரம் செலுத்தி வெட்டுங்கள்.

பொத்தான், ரிப்பன், நூல்குஞ்சம் வேண்டாம். முடிந்ததும் உட்புறத்தைத் திருப்பி உங்கள் சுண்டுவிரலால் முழுவதும் தடவிப் பாருங்கள். எது மாட்டினாலும் சரிசெய்யுங்கள்.

கத்திரி வெயிலில், வீட்டிலிருக்கும் நிறைமாதக் குழந்தைக்கு நாள் முழுதும் குல்லாய் தேவையில்லை. மார்பும் கழுத்தும் வேர்த்தால் கழற்றிவிட வேண்டும். இதைத் தாய்மாருக்கு நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

தொற்காளின் பாடம்

அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பார்க்கிறோம். அவள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டே, அவள் தங்களோடிருந்த நாளில் செய்த உடுப்புகளைப் பேதுருவுக்குக் காட்டினார்கள். அவர்களோடிருந்த நாளில் என்பதைக் கவனியுங்கள். உடுத்துகிறவர்களை அவள் அறிந்திருந்தாள். யாருக்குச் சட்டை எங்கே இறுகும், எங்கே உறுத்தும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? தூரத்திலிருந்து பின்னும் நமக்கு அந்தக் குழந்தைகளின் முகம் தெரியாது. அதற்கு ஈடாக நம்மால் முடிவது, ஒரு நிமிடம் திருப்பிப் பார்ப்பதுதான்.

இப்போது ஒவ்வொரு பார்சலையும் இரண்டு பேர் உட்புறம் திருப்பிப் பார்த்த பின்பே வார்டுக்கு அனுப்புகிறோம். கையுறைகளை வைத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே பின்னிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். பிரித்தால் அந்த நூலே ஒரு குல்லாய்க்கு உதவும்.